நிற அட்டை

கார்த்திகை மழை விட்ட மறுநாள்
பெயின்ட் வாளியில் தூக்கி வந்தான்
என் தம்பி தேசப்பன்,
காட்டுக்குப்பத்துப் பக்கம் ஒரே வீச்சில் விழுந்தவை:
விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகள்.
எனக்கு ஏழு.
மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டானாம்.

கொளத்தூரில் கலர் மீன் கடை, மாடியில் முப்பது தொட்டி.
பையில் கால் பங்கு தண்ணீர், முக்கால் ஆக்சிஜன்,
ரப்பர் பேண்ட் மூன்று சுற்று. அது என் வேலை.
மூலையில் கிடந்த நீலத் தொட்டியைக் கேட்டேன்.
"துன்ற மீனயா வளக்கப் போற?"
முதலாளி சிரித்துவிட்டுச் சரி என்றார்.

போர் தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு.
கண்டல் வேருக்குப் பதில்
பிளம்பர் விட்டுப்போன பைப் துண்டு மூன்று.

பத்தே நாளில் ஏழு நாலானது.
பெரியது சின்னதை முழுங்கியிருந்தது,
வால் இன்னும் வாய்க்கு வெளியே.
ஆற்றிலும் முழுங்கும்தான்.
அங்கே ஓடலாம். இங்கே ஓடினால் சுவர்.

நாலும் வெளுத்தன.
தரை நீலம், சுவர் நீலம்,
முதுகின் கருப்பை
எதற்கென்று வைத்திருக்கும்?
மூக்கு நுனி தேய்ந்து பால் நிறமானது.
டப்பாவைத் தட்டினால் வரும்.
பிறகு என் செருப்புச் சத்தத்துக்கே வந்தன.

தீனி கம்பெனி ரூபன் ஒருநாள் சொன்னான்:
குளிர் நாட்டில் சால்மன் வளர்ப்பவர்களிடம்
பெயின்ட் கடையில் விசிறிபோல் விரிப்பார்களே,
அப்படி ஒரு அட்டை இருக்குமாம்,
வெளிர் ரோஜாவில் தொடங்கிச் செங்கல் வரை.
கடலில் திரிகிற சால்மன்
கூனி தின்று தின்று தானே சிவக்கும்.
கூண்டில் வளர்கிறதுக்குச் சதை வெளுப்புத்தான்.
அட்டையில் எதைத் தொடுகிறார்களோ
அந்தச் சிவப்பு தீனியில் வரும்.
"நம்ம பேரட் மீனுக்குப் போடுறோமே, அந்த மாரிதான்க்கா,"
ரசீதில் கையெழுத்து வாங்கிப் போனான்.

மறு மாசியில் தேசப்பன் ஒரு கொடுவா வாங்கி வந்தான்.
ஆற்றில் வளர்ந்தது.
அன்றைய வாளியில் இருந்ததாகவும் இருக்கலாம்.
நீளம் இருந்தது, கனம் இல்லை.
செவுளைப் பிரித்தால்
சாம்பல் கரைத்த பழுப்பு.
குழம்பில் மண்ணெண்ணெய் வாடை.
அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணி விழுகிற இடத்தில்
பனி மாதம் கூட்டமாய் வந்து ஒதுங்குதாம்,
வலை வேண்டாமாம், கூடை போதுமாம்.

ஆற்றுக்கு
அட்டையில் எந்த நிறத்தைத் தொட்டார்கள்?
யார் விரல்?

"வா, மாடியில உன் மீனப் பாரு" என்றேன்.
தொட்டியில் கைவிட்டான்.
நாலும் வந்து விரலை முட்டின.
சட்டென்று எடுத்துக்கொண்டான்.
"மீனாக்கா இது? நாய்க்குட்டி."
துண்டு கொடுக்கும்போது பார்த்தேன்,
கயிறு இழுத்துக் காய்த்திருந்த உள்ளங்கை
வழுவழுவென்று இருந்தது.
துறைமுகத்து வாசலில் செக்யூரிட்டி, எட்டு மாசமாய்.
நீலச் சட்டை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொடுவா ஆணாய்த் தொடங்கி
பெருத்தபின் பெண்ணாய் மாறும்.
முட்டை விடக் கடல் வேண்டும்.
அதற்குக் கல்லுப்பு
எத்தனை கைப்பிடி?

அமாவாசை இரவுகளில்
நாலும் ஒரே மூலையைப் பார்த்து நிற்கின்றன,
வடகிழக்கு. எண்ணூர் அந்தப் பக்கம்தான்.
"மோட்டார் தண்ணி அங்கேர்ந்துதாம்மா வருது,
ஓட்டத்துக்கு எதிரதான் மீனு நிக்கும்" என்றார் முதலாளி.
இருக்கலாம்.

நேற்று அமாவாசை. ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது.
இன்வெர்ட்டரும் மக்கர். போன் வந்தது, ஓடினேன்.
மோட்டார் நின்று, தண்ணீர் அசையாமல் கிடந்தது.
முப்பது தொட்டியிலும் மக்கால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி
கடைசியாய் நீலத் தொட்டிக்கு வந்தேன்.
இப்போது எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று
செல்போன் விளக்கை அடித்தேன்.

தீனி என்று நினைத்து
நாலும் மேலே வந்துவிட்டன.