தூக்கினால் அழுகிறான்

நுளம்பு என்கிறேன் நான், மன்னார்க்காரி.
"கொசுவா? இந்தக் குளிர்ல ஏதுங்க"
என்கிறாள் கமலவேணி.
தகரம் பறக்காமலிருக்க
லயத்துக் கூரையில் ஏற்றிவைத்த டயர்கள்
எத்தனை மழையைக் குடித்திருக்கும் என்று
டிக்கோயாவில் யாரும் எண்ணுவதில்லை.
போன கிழமை பிள்ளையோடு
வெள்ளவத்தைக்குப் போய் வந்ததையும்
மூன்றாம் தரம் கேட்டபோதுதான் சொன்னாள்.

ஐந்து மாதம். நூற்று மூன்று.
கண்ணுக்குப் பின்னால் நோகுதா, மூட்டிலா, வயிற்றிலா
என்பதெல்லாம் வாயுள்ளவர்களுக்கான கேள்வி.
இவனிடம் இருப்பது ஒரே சொல்.
டெங்குக்கும் அதுதான், சிக்குன்குன்யாவுக்கும் அதுதான்,
பசிக்கும் அதுதான்.

நெஞ்சில் சிவப்புத் தடிப்பு: இரண்டிலும் வரும்.
வெள்ளணு குறைவு: இரண்டிலும் குறையும்.
பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
பயப்படவும் போதாது, படுத்துத் தூங்கவும் போதாது.
கண்டிக்குப் போன இரத்தம்
வியாழக்கிழமை வாய் திறக்குமாம்.

அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.
கமலவேணி சிரித்தாள்.
நானும் சந்திமா மிஸியும் சிரிக்கவில்லை.
டெங்கு என்றால் இப்போதுதான் தொடங்கும்;
உள்ளே குழாய்கள் கசிய
பிள்ளை சமர்த்தாகத் தூங்கும்.
இராமுழுக்க மாறி மாறி
அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்தோம்.
சூடு. இன்னும் சூடு.
இரண்டு மணிக்கும் சூடு.

பெரட்டுக்கு ஆட்கள் இறங்கும் நேரம்
அவள் சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்பவள் மாதிரி:
"தூக்குனா அழுவுறான் டொக்டர்.
கீழ வெச்சா சும்மா கெடக்குறான்.
எம்மேல ஏதோ கோவம்."

மற்றப் பிள்ளைகள் மாறியல்லவா அழும்.
துணி மாற்றும் சாட்டில் கணுக்காலைத் தொட்டேன்.
வார்டு முழுவதும் விழித்துக்கொண்டது.
கோபமில்லை, கமலவேணி. மூட்டு.

சிக்குன்குன்யா என்று எழுதிக்
கேள்விக்குறி போட்டேன்.
டெங்குவை வெட்டவில்லை.
இரண்டும் ஒரே நுளம்பில் ஏறி வரும்;
பெரசிட்டமோல் தவிர வேறொன்றும் வேண்டாம்,
பாதத்தைப் பார்ப்பதையும் நிறுத்தவேண்டாம்.

தூக்காமல் பாலூட்ட அவளே வழி கண்டாள்:
கட்டிலின் இரு பக்கமும் கை ஊன்றி
இடுப்பை மடித்து
நிரையில் நிற்பதுபோல் குனிந்தே நின்றாள்,
அவன் விடும்வரை.

பத்தாம் நாள் மூக்கு நுனி கறுத்தது.
சாயத்தண்ணி பட்டுவிட்டதென்று
முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"போகும், ஆனால் சுணங்கும்" என்றேன்.

வியாழக்கிழமைக் கடிதம்
அதற்கு அடுத்த திங்கள் வந்தது.