அறுபத்து நான்கு

கிடினியா துறைமுகத்தில்
ஒரு காலத்தில் மீன் உறைந்து கிடந்த கிடங்கு.
இன்றிரவு அங்கே கச்சேரி.
எல்லோர் முதுகும் எனக்குத் தெரியும்,
என் முகம் எவருக்கும் தெரியாது.

எட்டு ஃபேடர், பதினாறு குமிழ்.
ஒன்றில் போன மாதத்து பீர் இன்னும் பிசுபிசுக்கிறது.
மூன்றாவதன் கீழே ஒட்டுத்தாளில் ‘கடல்’.
நான்காவதில் ‘டிராம்’.
ஐந்தில் எழுதியது அழிந்துபோயிற்று,
கைக்குத் தெரியும்.

போகுமில் டிரம்ஸில் வேகமெடுக்கும்போது
டிராமைக் கடலுக்குள் இறக்கவேண்டும்.
பூஜ்யத்திலிருந்து நூற்று இருபத்தேழு வரை
மிடி எண்ணும் படிகள்.
அறுபத்து நான்கில் நின்றது.

தள்ளினேன். ஊதினேன்.
அப்பா கப்பலில் கற்றுவந்த வசவெல்லாம் தீர்ந்தது.
திரையில்
பாதி அலை, பாதி தண்டவாளம்,
ஜன்னலோரம் கொட்டாவி விடும் ஒருத்தியின் வாய்க்குள்
நுரை வந்து வந்து போகிறது.

போகுமில் திரும்பித் திரையைப் பார்த்தான்.
குச்சிகளைக் கீழே வைத்தான்.
உள்ளங்கையால் தட்டத் தொடங்கினான்,
தூங்குபவரின் முதுகைத் தட்டுவதுபோல.
முன்வரிசையில் ஒரு கைப்பேசி தாழ்ந்தது,
பிறகு இன்னொன்று.

ஏழு நிமிடம்
நான் எதுவும் செய்யவில்லை.
மும்முரமாக இருப்பதுபோல் குனிந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து
வேனின் பின்கதவில் உட்கார்ந்து
ஊசியால் ஃபேடரின் இடுக்கைக் குடைந்தேன்.
வெளியே வந்தது
சூரியகாந்தி விதைத் தோல், ஒன்றே ஒன்று.

நெருப்புக் கேட்டு வந்தவன் சொன்னான்:
“கடலா டிராமா என்று தெரியாத அந்த இடம்...
எத்தனை நாள் ஒத்திகை?”

தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
“பத்து நாள்” என்றேன்.