தையல் இடம்

மாங்கூழ் ஆலைக்குச் சீருடை வரையக் கூப்பிட்டார்கள்.
காவேரிப்பட்டணம் தாண்டிப் போச்சம்பள்ளி சாலை.
லாரி லாரியாய்க் கிளிமூக்கு வந்திறங்கும் வைகாசி.

கோதண்டராமன் சார் ஒரு தாளை நீட்டினார்.
வெள்ளை நிறம்.
பொத்தான் கூடாது, கூழில் விழும்.
பை கூடாது, பையிலிருந்து எதுவும் விழும்.
வளையல், பூ, ஊக்கு கூடாது.
தாலி இருக்கலாம், தெரியக் கூடாது.
சிறிசு, நடுத்தரம், பெரிசு, மூன்று அளவு போதும்.
"வெளிநாட்டுக்காரன் பார்க்க வருவான்,
எல்லாம் ஒண்ணா இருக்கணும்மா."

விமானத்துப் பெண்களுக்கு வரைய ஆசைப்பட்டுப்
பெங்களூரில் படித்தவள் நான்.
இதற்கு முன் வரைந்தது
சுங்கச்சாவடி ஆட்களின் நீலச் சட்டை,
பர்கூரில் ஒரு பள்ளிக்குக் கட்டம்போட்ட பாவாடை.

அளக்காமல் வரைய மாட்டேன் என்றேன்.
கேன்டீனில் மேசைகளை ஒதுக்கி
அறுபத்து மூன்று பேரை நிறுத்தினார்கள்.
நாடா இடுப்பைச் சுற்றியதும் கெம்பம்மா நெளிந்தாள்:
"ரவிக்கைக்குத்தான் இப்பிடி அளப்பாங்க,
வேலைக்குமா அளக்கறாங்க?"
பச்சையம்மாளுக்கு வலத்தோள்
இடதைவிட அரை அங்குலம் இறக்கம்.
இருபது சீசன் கத்தி பிடித்த தோள்.
முனிரத்னா மேல்தட்டுக்குக் கை தூக்கினாள்,
அக்குளில் என் மாதிரிச் சட்டை கிழிந்தது.
அங்கே முக்கோணத் துண்டு ஒன்று வைத்தேன்.
கழுத்துப் பட்டையை ஓர் அங்குலம் ஏற்றினேன், தாலிக்காக.
மாம்பால் பட்டால் வெள்ளை கறுத்துவிடும் என்றேன்.
வெள்ளைதான் என்றார்.

சீருடை.
பிரித்துப் படித்தால்
சீரை உடை என்று யாரோ ஏவுவது போலிருக்கிறது.
நான் எதையும் உடைக்கவில்லை.
மூன்று அளவை ஐந்தாக்கினேன், அவ்வளவுதான்.
அதற்கே பெருமையாக இருந்தது.

ஆடிப்பெருக்குக்கு முன்பே ஆலை நின்றது.
அங்கிகள் சாக்குகளில் திரும்பி வந்தன,
கழுத்தின் உட்புறம் எண் குத்தி.
கிழிசல் கணக்கெடுக்க உட்கார்ந்தேன்.

இருபத்தேழாம் எண்.
இடுப்புக்குக் கீழே, உள்பக்கம்,
பக்கத்தையலைப் பிரித்து, எஞ்சிய துணியை மடித்து
ஒரு பை.
நாலு விரல் அகலம், ஐந்து விரல் ஆழம்.
வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பிறகு முப்பத்தொன்று.
எட்டு.
எல்லாமாகப் பத்தொன்பது.
அத்தனையும் ஒரே கையின் தையல்,
அரிசி நீளம்கூட இல்லாத எட்டுகள்,
என் மெஷின் வெட்கப்படும் நேர்த்தி.

ஃபோன் நுழையாது இதில்.
பணமா? புகையிலையா?
திருடு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது.
நாற்பத்து நாலாம் எண்ணின் பைக்குள்
விரல் நீளத்தில் வழவழத்த ஒரு தாள்,
பசையை மூடி வரும் தாள்,
உரித்தவள் போட இடமில்லாமல்
அங்கேயே சொருகியது.

வெட்டுமேசையிலிருந்து கழிப்பறைக்கு
சூப்பர்வைசர் நாற்காலியைக் கடந்து போக வேண்டும்,
கையில் எதுவும் இல்லாமல்.

மார்பு, இடுப்பு, தோள், கை நீளம்
எல்லாம் எழுதிக்கொண்டேன்.
நாள் கேட்கவில்லை.
மாதாமாதம் கைப்பையோடு எழுந்துபோகிறவள்தான்
நானும்.

தைத்தது யார் என்று விசாரிக்கவில்லை.
விசாரித்தால் பெயர் வரும்.
பெயர் வந்தால் தாளில் ஏறும்.
கிழிசல் இல்லை என்று எழுதி
சாக்கைக் கட்டினேன்.

அடுத்த சீசன் வரைபடத்தில்
கோதண்டராமன் சாரின் பேனா ஓரிடத்தில் தட்டி நின்றது.
"பக்கத்துல தையல் இடம் மூணு அங்குலமா?
எதுக்கும்மா இவ்வளவு? துணி தண்டம்."

"துவைச்சா சுருங்கும் சார்."

பாலியெஸ்டர் சுருங்காது.
அவருக்கு அது தெரியாது.
கையெழுத்துப் போட்டார்.