வெள்ளோட்டம்

ஐந்து வருஷம் கழித்து லிட்வின் வந்தான்,
கோட்டாறு கடையின் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து.
கக்கத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்,
கையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு.
"சேத்திருவமா டே" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரிந்த அன்று கேமராவை அவன் எடுத்தான், லைட்டுகளை நான்.
படங்களை மட்டும் பங்குவைக்கத் தெரியவில்லை.
அப்படியே நகலெடுத்து ஆளுக்கொன்று.
அதனால் இரண்டு மரத்துக்கும் அடிமரம் ஒன்றுதான்:
கல்யாணம், அதனுள் ஊர், ஊருக்குள் வருஷம்,
வருஷத்துக்குள் மாப்பிள்ளை பெயர்.
அதற்கு மேல் கிளைகள் தம்பாட்டுக்குப் போயிருந்தன.
அவன் "ஞானஸ்நானம்" என்று புதிதாக ஒன்று திறந்திருந்தான்.
நான் "பாக்கி" என்று ஒன்று.

மவுசால் இழுத்துப் போட்டால்
ஒவ்வொரு கோப்புக்கும் நின்று கேட்கும்
மாற்றவா, விடவா என்று.
இரண்டு லட்சத்துச் சொச்சம் முறை
யாரால் பதில் சொல்ல முடியும்?
கறுப்புத் திரையைத் திறந்தேன்.
ஆர்சிங்க்.
பிறகு அவன் டிஸ்க்குக்கு வழி, பிறகு என்னுடையதற்கு.

அவன் வழியின் முடிவில் விரல் நின்றது.
அங்கே ஒரு ஸ்லாஷ் வேண்டும்.
"ஒரு கோடுதானே" என்றான்.
மேலமணக்குடிக்காரன் கேட்கிற கேள்வியா இது?
பொழி முறிக்கிற நாளை நினைத்துப் பார்.
காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு,
ஜேசிபி அதில் சாய்வாக ஒரு கீறல் போடும்.
கீறினால் வெள்ளம் கடலுக்குள் இறங்கும்.
கீறாவிட்டால் காயல்
தன் பெயரோடு, தன் கரையோடு உட்கார்ந்திருக்கும்.
ஸ்லாஷ் இல்லையென்றால்
என் மரத்துக்குள் "லிட்வின்" என்றொரு பெட்டி வந்து உட்காரும்,
உள்ளே இன்னொரு மரம் முழுசாக,
ஓர் இலையும் உரசாமல்.
"அது சேந்ததா ஆவாது, கேட்டியா."

"கீறு" என்றான்.

முதலில் வெள்ளோட்டம் விட்டேன்,
வள்ளம் இறக்குவதுபோல, ஆனால் கடலே இல்லாமல்.
என்னென்ன செய்வேன் என்று சொல்லும், எதையும் செய்யாது.
பட்டியல் ஓடியது.
பழத்தை உரித்தபடி ஊர்களை வாசித்தான்:
ராஜாக்கமங்கலம், பள்ளம், புத்தன்துறை...
பிறகு வேறு மாதிரி வரிகள்.
நீக்குகிறேன், பாக்கி.
நீக்குகிறேன், ஆசாரிபள்ளம், ரெஜிலா வீடு.
நீக்குகிறேன். நீக்குகிறேன்.

அவன் உரிப்பதை நிறுத்தினான்.

தினம் ராத்திரி கடையை மூடும்முன்
என் டிஸ்க்கை இன்னொன்றுக்கு நகலெடுக்கிற பழக்கத்தில்
விரல் தானாக ஒரு சொல்லை ஒட்டியிருந்தது:
அங்கே இல்லாததை இங்கே அழி.
சேர்க்கச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன்.
ஒன்றுபோல ஆக்கு என்று உத்தரவு கொடுத்திருந்தேன்.

அன்றைக்கும் இப்படித்தான்.
எல்லா ஆல்பமும் ஒரே கலரில் இருக்கணும் என்று
மேசையைத் தட்டியது நான்.

"வெள்ளோட்டம்தானே" என்றான், கொஞ்ச நேரம் கழித்து.

அந்தச் சொல்லை எடுத்தேன்.
ஒரே பெயரில் வேறு வேறு படம் வந்தால்
இருப்பதன் வாலில் ஒரு நெளிகோட்டை ஒட்டி
ஓரமாக வைத்துக்கொள் என்று வேறொன்று சேர்த்தேன்.
ஸ்லாஷ் இருக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம்.
என்டர்.

அன்று கரண்ட் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது.
நெளிகோடு விழுந்தவை நாற்பத்தாறு.
ஒன்றைத் திறந்தோம்: கீழமணக்குடி, வினோலியா கல்யாணம்.
என் படத்தில் அவள் வெள்ளை. யாருமே அவ்வளவு வெள்ளை இல்லை.
அவன் படத்தில் அவள் நிறத்தில் அவள்,
மேலுதட்டில் வேர்வை மினுங்க,
சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி.
வால் முளைத்திருந்தது என்னுடையதுக்கு.
அழிக்கவில்லை. அவனும் அழிக்கச் சொல்லவில்லை.

பிறகு, எழுந்து போகிறவன்போல எழுந்து,
குனிந்து "பாக்கி"யைத் திறந்தான்.
முதல் கோப்பே அவன் பெயரில்.

"இத மட்டும்
அழிய விட்டிருக்கலாம் டே" என்றான்.