மஞ்சள் பாதி

செவ்வாய் மாலை ஏழு மணி.
சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை.
கீழே உலர்த்தும் இயந்திரங்கள் சுற்றச் சுற்ற
எங்கள் நாற்காலிகள் லேசாக நடுங்கும்.

டெர்வ்லாவுக்கு இருபத்து நான்கு வயது.
பகலில் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள்.
கறுப்புச் சட்டையெல்லாம் வெள்ளை ரோமத்தோடு வந்து
பலகையில் எழுதினாள்: இஃப்.
"சின்னச் சொல்தான். கடிக்காது."

பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும்.
யார் சூடாக்கினாலும் உருகும்,
திங்களன்றும் உருகும், சம்பளம் வராத வாரத்திலும் உருகும்.
நான் இறைச்சி ஆலையின் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறேன்.
அங்கே எதுவும் உருகி நான் பார்த்ததில்லை.
ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது:
மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன்.
கியாத் கையைத் தூக்கினார்.
ஹோம்ஸில் பல் மருத்துவராக இருந்தவர்,
இங்கே காளான் பண்ணையில்.
"இந்த ஊர் மழைக்கு எதற்கு இஃப்?"
டெர்வ்லா ஜன்னலைப் பார்த்தாள்.
பலகையை அழித்தாள்.
'வென்' என்று எழுதினாள்.
மழை பெய்யும்போது.
"வெயிலுக்கு வேண்டுமானால் இஃப் போடுங்கள்."

கால்வே பக்கம் வந்து ஆறு வருடம்.
அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னாள்:
நாளை நடக்கப்போவதே ஆனாலும்
இஃப் இருக்கும் பாதியில் 'வில்' உட்காராது.
காற்புள்ளிக்கு அந்தப் பக்கம்
பெட்டியோடு நிற்கும், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு.

பிறகு தாள் துண்டுகள்.
இஃப் பாதிகள் நீலம், மிச்சப் பாதிகள் மஞ்சள்.
ஆளுக்கு இரண்டு மூன்று.
ஜோடி தேடி அறைக்குள் சுற்றினோம்.
பேருந்தைத் தவறவிட்டால்,
அது குரைக்கும்.
லேஸ்யா சிரித்ததில் அவள் தேநீர் சிந்தியது.
நாயின் வாலை மிதித்தால்,
ஆறு மாதத்தில் கடிதம் வரும்.
இதற்குக் கியாத் மட்டும் சிரிக்கவில்லை.
பிறகு அவரும் சிரித்தார்.

எல்லாம் ஒட்டி முடிந்தபின்
என் கையில் ஒரு நீலம் மிஞ்சியது.

நீங்கள் கேட்டால்,

அவ்வளவுதான். காற்புள்ளி வரை.
டெர்வ்லா மேசைக்கடியில் தேடினாள்.
பையைக் கவிழ்த்தாள்:
சீப்பு, நகவெட்டி, எலும்பு வடிவ பிஸ்கட்.
மஞ்சள் இல்லை.
"நீங்களே எழுதி வாருங்கள், வால்ஜிரேனி. வீட்டுப்பாடம்."

புதன்கிழமை அது என் மேலங்கிப் பையில் இருந்தது.
நீங்கள் கேட்டால், மணி சொல்வேன்.
நீங்கள் கேட்டால், உப்பு தருவேன்.
நீங்கள் கேட்டால், கோயாஸைப் பற்றிச் சொல்வேன்,
சிவப்பு மண், என் தங்கையின் ஸ்கூட்டர்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அந்தக் குளிரில் வாய் திறந்தால் ஆவிதான் வரும்.
இதற்கும் இஃப் வேண்டாமோ என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள்.
ஞாயிறு: என் பெயர்.
போன ஞாயிறும் என் பெயர்.
அதற்கு முந்தைய ஞாயிறும்.
மேற்பார்வையாளர் ஹெஷன் கெட்டவர் இல்லை.
பென்சில் வைத்திருக்கிறார், எழுதுகிறார்.

கையுறையைக் கழற்றினேன்.
அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.
"இஃப் யூ ஆஸ்க்," என்றேன்.
காற்புள்ளிக்கு எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று
டெர்வ்லா சொல்லித்தரவில்லை.
நிறைய நேரம் நிறுத்திவிட்டேன்.
அவர் நிமிர்ந்தார்.
"ஐ வில் கம்."

"என்ன?"

கேட்டால் வருவேன். மறுபடி சொன்னேன்.
வில் சரியான பக்கத்தில்தான் இருந்தது.

ஹெஷன் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
என் சிவந்த விரல்களைப் பார்த்தார்.
"கேட்காவிட்டால்?"

எதிர்மறை
அடுத்த செவ்வாய்ப் பாடம்.
அதனால் சும்மா நின்றேன்.
தகரக் கூரையில் மழை.
அவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்தார்,
ரப்பர் இருக்கும் முனை கீழே.
இன்னும் அழிக்கவில்லை.