பதினாறில் ஒரு கையெழுத்து

சத்துவாச்சாரி டீக்கடைப் பெட்டி
என் பன்னிரண்டு ரூபாயைத்
தெருவுக்கே கேட்க அறிவிக்கிறது.
பணத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய தொண்டை?

வங்கிக் கணக்கு எனக்கும் அண்ணன் தணிகாசலத்துக்கும் பொது.
குறுஞ்செய்தி போவது அவன் எண்ணுக்கு.
சுகந்திக்கு ஒரு ரூபாய் நகர்ந்தாலும்
அவன் சட்டைப்பை அதிரும்.
நாலு வருடமாக எங்கள் வீட்டில்
அவள் பெயரை யாரும் சொன்னதில்லை.
ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறாள்,
போய் அடிக்கச் சோம்பல்.

லிஸ்பனில் ஒரு தோல் வியாபாரி.
இரவில் அவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த கூலி
பிட்காயினாகக் கொஞ்சம் கிடக்கிறது.
வரி கட்டிவிட்டேன்.
அரசாங்கத்திடம் ஒளிக்க ஒன்றுமில்லை,
ஒளிக்க வேண்டியது தணிகாசலத்திடம்.

ராணிப்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஒரு வாரம் எடை போட்டேன்.

பிட்காயின்,
முகமூடி போட்டுக்கொண்டு
நடுத்தெருவில் குளிப்பது.
பெயர் இல்லை, சரி.
ஒருநாள் முகமூடி நழுவினால்
முதல் நாள் குளித்ததிலிருந்து தெரியும்.

கலக்கித் தருகிறோம் என்பவர்கள் உண்டு.
கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் குவித்து
கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்புகிற வழி.
எவனோ திருடிய ஜோடி என் காலுக்கு வந்தால்
போலீஸ் என் காலைத்தான் பார்க்கும்.

மின்னல் என்றொரு பாதை.
மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி
நடுவில் நடந்தது இருவருக்குள்,
முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் ஊருக்கு.
ஆனால் வாங்குகிறவள் அந்நேரம் விழித்திருக்க வேண்டும்.
சுகந்திக்குக் கைக்குழந்தை என்று கேள்வி.
தூங்கட்டும்.

மொனேரோ எனக்குப் புரிந்தது
பாலாற்றுப் பாலத்தின் மேல்.
மணல், முள், லாரித் தடம்.
அடியில் ஓடுவது
ஊற்றுத் தோண்டியவளுக்கு மட்டும் தெரியும்.
பதினாறு பேரை வரிசையில் நிறுத்தி
ஒருத்தி கையெழுத்துப் போடுவாள்.
எவள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.
தொகைக்கும் முக்காடு.
வாங்குகிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கதவு.
ரூபாயாக மாற்றுவதுதான் பாடு,
அதை எட்வின் பார்த்துக்கொள்வான்.

எட்வின் அவள் புருஷன்.
முத்துக்கடை நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர்.
கண்ணாடியில் இரண்டு நாணயத்துக்கும்
கட்டம் கட்டமாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான்,
யாரும் சீண்டாத பெருமைக்கு.
பஸ் நின்ற முப்பது நொடியில்
பூக்கூடைக்காரம்மா தோளுக்கு மேலாக
படம் பிடித்தேன்.

வெள்ளி இரவு அனுப்பினேன்.
நாலாயிரத்துச் சொச்சம்.
தணிகாசலத்தின் குறட்டை ஒரு இழையும் அறவில்லை.
யாருக்கும் தெரியாது.
அவளுக்கும் தெரியாது.
இத்தனை கணக்குப் பார்த்தவள்
அதை மட்டும் கூட்டாமல் விட்டேன்.

திங்கள் சாயங்காலம் திரும்பும்போது
கடை வாசலில் ஒரு அட்டை:
பணம் போட்டவர் பொருள் வாங்கவில்லை.
அழைக்கவும்.
கீழே பத்து இலக்கம்.

எட்வின் எழுதியதல்ல.
ழகரத்தின் வாலை
அடுத்த எழுத்தின் வயிற்றுக்கடியில்
சுருட்டி விடுகிற ஆள் ஒருத்திதான்.
பதினாறு பேர் என்ன,
வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஆள் நிறுத்தினாலும்
அந்தக் கை அகப்பட்டுவிடும்.

கண்டக்டர் விசில் அடித்தார்.
எண்ணை நான் எங்கும் குறிக்கவில்லை.
பாலம் வருவதற்குள்
மனப்பாடமாகியிருந்தது.