உமிழி

ஏலப் பட்டியலில் ஆளுக்கொரு வரிதான் இடம்.
இருநூற்றுப் பதினான்கு: இரட்டைக்குழல், பன்னிரண்டு போர்,
பர்மிங்ஹாம், 1908, வால்நட் கட்டை, எஜெக்டர் உண்டு.
இருநூற்றுப் பதினைந்து: அதே பட்டறை, அதே ஆண்டு,
அதே மரத்தின் அடுத்த பலகையாகக்கூட இருக்கலாம்.
எஜெக்டர் இல்லை.

அந்த ‘இல்லை’யின் விலை
ஏறக்குறைய எழுநூறு பவுண்டு.

லட்லோவில் நவம்பர். தொலைபேசி ஓயவில்லை.
குழலின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.
எஜெக்டர் உண்டா, அது மட்டும்தான்.

பன்னிரண்டு வருடமாகத் துப்பாக்கிகளைத் துடைக்கிறேன், அளக்கிறேன், எழுதுகிறேன்.
ஒருமுறையும் சுட்டதில்லை.
அந்தத் தைரியத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: உமிழி.
முன்கட்டைக்குள் நகத்தளவில் இரண்டு சுத்தியல், இரண்டு வில்.
மடக்கித் திறந்தால்
சுட்ட குழலின் கூட்டைத் தோளுக்குப் பின்னே எறியும்;
சுடாத குழலின் தோட்டாவைச்
சற்றே உயர்த்தி ஏந்தி நிற்கும்.
எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று அதற்குத் தெரியும்.
அவ்வளவு தெரிந்தவர்கள்
எங்கள் அலுவலகத்தில் இல்லை.

பார்வை நாளில் ஐவர் பெடோஸ் வந்தார்,
சட்டைப்பையில் இரண்டு பொய்த் தோட்டாக்களுடன்.
போட்டார், மூடினார், விசைகளை இழுத்தார், திறந்தார்.
இடப்பக்கத்தது பறந்து எங்கோ ‘டிங்’ என்றது.
வலப்பக்கத்தது அவர் பூட்ஸ் மேலேயே விழுந்தது.
“இரண்டும் ஒரே சத்தமாக விழ வேண்டும்,” என்றார்,
“வில் சோர்ந்துவிட்டது. நூறு பவுண்டாவது குறையும்.”
ஒரு நாளைக்கு எத்தனை பறவை சுடுவீர்கள்?
“எட்டு. நல்ல நாளில்.”
எட்டுப் பறவைக்கு இத்தனை அவசரமா?
“அவசரமா? சேச்சே.
நாளைக்கு விற்கப் போனால்
எல்லோரும் இதைத்தானே கேட்பார்கள்.”

இரண்டையும் விற்கக் கொடுத்தவர் ஹெஸ்டர் கெத்தின்.
பதினான்கு அவர் கணவருடையது. பதினைந்து அவருடையது.
“அவர் எறிவார். பக்கத்து வயலில் ஆடுகள் மேயும்.
அவர் எறிந்ததையும் நான்தான் குனிந்து பொறுக்குவேன்.
என்னுடையது என் விரலுக்கே வரும், சூடாக.
நேராக இடப்பக்கப் பை.
மாலையில் சமையலறை மேசையில் கொட்டி எண்ணினால்
இருபத்தொரு கூடு, ஆறு ஃபெசன்ட்.
பொய் சொல்ல வழியில்லை.
எட்வின் கணக்கில்
பறவைகள் சரியாக இருக்கும்,
கூடுகள்தான் எப்போதும் குறைவு.”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
அம்புக்காவது ஒரு பழமொழி வாய்த்தது.
ஈரப் புல்லில் கிடக்கும் வெற்றுக்கூட்டை
யாரும் நோவதுமில்லை, நினைப்பதுமில்லை.

பதினான்கு, ஆயிரத்து நூற்றைம்பதுக்குப் போனது,
பெடோஸுக்கே; சோர்ந்த வில்லோடு.
பதினைந்து: இருநூறு. இருநூற்றைம்பது.
பின்வரிசையில் ஒரு கை, முந்நூற்றெண்பது.
பிறகு ஒருவர் இருமினார்.
அவ்வளவுதான்.

குறைந்தபட்ச விலை தொள்ளாயிரம் என்று இருந்தது.
எஜெக்டர் இல்லாததற்கு இந்த ஊரில் யாரும் அதைத் தரமாட்டார்கள் என்று
படிவம் நிரப்பிய அன்றே சொல்லியிருந்தேன்.
“தெரியும்,” என்றார்,
ஒன்பதின் மேல் பேனாவை இன்னொரு முறை ஓட்டியபடி.

விற்கவில்லை.
மழையில் காரின் பின்கதவைத் திறந்தார்.
நனைந்த நாய் ஒன்று
பழக்கப்பட்டதுபோல் நகர்ந்து இடம் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை ரேடியேட்டருக்குப் பின்னால்
ஒட்டடையோடு அகப்பட்டது
அன்று ‘டிங்’ என்ற பொய்த் தோட்டா.
முழங்காலிட்டு, அடிஸ்கேலால் தள்ளி எடுத்தேன்.
பெடோஸுக்கு அனுப்ப வேண்டும்.
தபால் செலவு மூன்று பவுண்டு பத்து.
இதையும் யாராவது
எஜெக்டரின் விலையில் சேர்த்துக்கொள்ளட்டும்.